வெடுக்கென்று தூக்குகிறவர்

என் கணவரின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து, அவரைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம். ஒரே வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். முன்னறை அவருக்கு, பின்னறை எனக்கும் என் கணவருக்கும். நடுவில் சமையலறை. அங்கேதான் அவருக்கும் எனக்கும் தினமும் முட்டிக்கொள்ளும். நான் அவரை "அத்தான்" என்றுதான் கூப்பிடுவேன், "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். மரியாதை குறையாமல் திட்டுவது எனக்கு நன்றாக வரும்.

வெளியே அவருக்குப் பெயர் வெடுக்கு. சந்தையில் மூட்டை இறக்கிய காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. அவர் எதையும் நிதானமாகத் தூக்கி யாரும் பார்த்ததில்லை. குனிவார், இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டுவார், வெடுக்கென்று ஒரு இழுப்பு, மூட்டை தோளில் இருக்கும். பேச்சும் அதே கதைதான். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் குறைந்தது என்று சொல்ல மாட்டார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். கதவைச் சாத்தினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு, "அந்த நாற்காலி என்னுது" என்பதுதான்.

அவர் கதையை எனக்குச் சொல்லாத ஆள் இந்தக் குடும்பத்தில் இல்லை. அம்மா, அப்பா இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மூத்தவருக்கு மீசை முளைக்காத வயது. இளையவர் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். மூத்தவர் சந்தைக்குப் போனார். பெரிய ஆட்கள் தூக்குகிற மூட்டையைத் தூக்கினால்தான் வேலை என்றார்கள். அது அவரைவிடக் கனம். உடம்பில் பலம் இல்லாதவன் வேகத்தைத்தான் நம்ப வேண்டும், அப்படித்தான் அந்த ஆட்டும் இழுப்பும் அவருக்கு வந்தன. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலம் வந்த பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, அதுதான் வித்தை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தாரே, அதைத்தான் சொல்கிறேன்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும், வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற லாரியில் அவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் அண்ணன், மறு பக்கம் தம்பி. லாரி முதலாளி இவர்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பியதே இல்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்காகத்தான் என்று சொந்தக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அந்த நாற்காலியோடு குடித்தனம் நடத்த எவள் வருவாள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

நான் ஒரு ஜிம்மில் பயிற்சியாளர். காலையில் பெண்கள் மட்டும், சாயங்காலம் எல்லோரும். அங்கே நான் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. இவ்வளவு கனம் தூக்குவேன் என்று யார் பீற்றிக்கொண்டாலும் சுவரில் முதுகை ஒட்டி நின்று தூக்கிக் காட்ட வேண்டும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதம் வைப்பேன். இடுப்பை வீசாமல், உடம்பை ஆட்டாமல், கை மட்டும் வேலை செய்தால் காகிதம் நிற்கும். லேசாக ஆடினாலும் வழுக்கி விழுந்துவிடும். விழுந்தால் அந்தத் தூக்கு செல்லாது. கண்ணாடி முன்னால் மலையைப் புரட்டுகிற ஆசாமிகள் காகிதத்தோடு நின்றால் கால்வாசிக் கனத்துக்கே திணறுவார்கள். எனக்கு அதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கும்.

வீசித் தூக்கினால் கனம் மேலே போகும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்போது தூக்குவது தசை இல்லை, வேகம். அந்த வேகம் தீர்ந்த இடத்தில் கனம் மொத்தமும் ஏதாவது ஒரு மூட்டில் போய் இறங்கும். யாருடைய மூட்டில், என்றைக்கு என்பதுதான் தெரியாது.

போன வருடம் அது என் கணவரின் முதுகில் இறங்கியது. இருவரும் ஒரு வாஷிங் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தவர்தான், ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரில் போனார். முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். மறுபடியும் பிதுங்கினால் இடது கால் போய்விடும், அதற்கப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பயனில்லை என்று டாக்டருக்கே தெரிந்திருக்கிறது.

சில மாதம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏற்றலாம் என்றார்கள். தினமும் சாயங்காலம் இவரை ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். கனம் எதுவும் மாட்டாத வெறும் கம்பி, முதுகு நேராக, மூச்சை உள்ளே பிடித்து, மெதுவாக ஏற்றி அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரிப் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்தேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, வெடுக்கு உள்ளே நுழையும்வரை.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று பார்க்க வந்தாராம். வந்தவர் பேசாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். இருப்பதிலேயே பெரிய டம்பெல்லை எடுத்து, இடுப்பால் ஒரு எத்து எத்தித் தோளுக்கு எறிந்து, ஒரு விநாடி பிடித்திருந்து, தொப்பென்று தரையில் போட்டார். கண்ணாடி நடுங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு தம்பி கையிலிருந்த வெறும் கம்பியைப் பார்த்துச் சிரித்தார். துணி காயப்போடுகிற கொடியா என்று கேட்டார். என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். அந்தச் சொல்லை அவர் இழுத்துச் சொல்கிற விதத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அதற்கப்புறம் நாள் தவறாமல் வந்தார். நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தம்பியின் கம்பியில் இரண்டு தட்டு ஏறியிருக்கும். நான் கழற்றுவேன், அவர் மாட்டுவார். கழற்றும்போது நானும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். என் கணவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் இவரையும் சேர்த்து வெளியே தள்ளலாம் போல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை. நான் உள்ளறையில் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே, "யோசிக்காதடா, வெடுக்குனு எடு" என்று அவர் குரல் கேட்டது. ஓடி வந்தேன். கம்பி நிறையத் தட்டுகள். என் கணவர் முதுகை வளைத்துக் குனிந்து, அண்ணனைப் போலவே இடுப்பை ஆட்டி, ஒரே இழுப்பாக இழுத்தார். கம்பி முழங்கால்வரை வந்தது. இவர் முகம் வெளுத்துவிட்டது. கம்பியைப் போட்டுவிட்டு, பெஞ்சைத் தடவித் தடவிப் போய் உட்கார்ந்தார். இடது காலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

அவரைச் சுவரோரமாகத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் ஊறல் நின்றது. அதுவரை வெடுக்கு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் ஆகல பாரு. உழைக்கிற உடம்பு அது. நீ பொத்திப் பொத்தி வெச்சுதான் கெடுக்குற" என்றார். திங்கட்கிழமை தம்பி லாரிக்கு வருகிறான், முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னார்.

எனக்கு அது புதுச் செய்தி. என் கணவரைப் பார்த்தேன். அவர் மேற்கூரையைப் பார்த்தார்.

இத்தனை நாளும் வெடுக்கு ஒரு தடவைகூடச் சுவரில் நின்றதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் கூப்பிட்டாலும் ஏதாவது கிண்டல் செய்து நழுவிவிடுவார். ஜிம்மில் பத்துப் பதினைந்து பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"அத்தான், சுவத்துல வந்து நில்லுங்க. காகிதம் விழாம ஒரே ஒரு தடவை தூக்குங்க. அப்புறம் உங்க தம்பியை எங்க வேணா கூட்டிட்டுப் போங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். பின்னால் இருந்து யாரோ, "நில்லுங்கண்ணே, மாஸ்டர் வாயை அடைங்க" என்றார்கள். இனிமேல் நழுவ முடியாது. வந்து நின்றார். நானே காகிதத்தை வைத்தேன். நடுத்தர டம்பெல் ஒன்றைக் கொடுத்து, கையை நீட்டிப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொன்னேன்.

வலது கை கொஞ்சம் மேலே வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. காகிதம் விழவில்லை. கையும் அதற்குமேல் போகவில்லை. சிரிப்பு கிளம்பியது. நான் அதோடு விட்டிருக்கலாம், ஆனால் எனக்கு ருசி கண்டுவிட்டது. அந்த டம்பெல்லை வாங்கிக்கொண்டு, புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாள் கொடுக்கிற சின்ன டம்பெல்லை அவர் கையில் வைத்தேன். ஜிம்மே சிரித்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கினார். அதே இடத்தில் கை நின்றது. தோள்பட்டை காதுவரை ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு சின்ன ஆட்டு ஆட்டியிருந்தால் மேலே போயிருக்கும். அவர் ஆட்டவில்லை. கடைசியில் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து, டம்பெல்லை இறக்கி வைத்தார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

எனக்கு இந்தத் தொழில் தெரியும். பலம் இல்லாத கை நடுங்கும், தளரும். ஒரே இடத்தில் பூட்டுப் போட்ட மாதிரி நிற்காது. தோளுக்குள் இருக்கிற தசைநார் கிழிந்திருந்தால்தான் அப்படி நிற்கும். தொங்கவிட்ட கையால் எதையும் பிடித்துச் சுமக்கலாம், ஆனால் கையை மேலே கொண்டுபோக முடியாது. வீசினால் மட்டும் போகும். இந்த மனிதர் இடது கையால் தலை வாருவதையும், சட்டை போடுவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்வதையும் நான் மண்டைக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, புரிந்துவிட்டது. தன் கை போனது லாரி முதலாளிக்குத் தெரியாமல் இருக்க, எதிர்ப்பக்கம் தம்பி வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு அவசரம். தம்பியின் கால் போனாலும் பரவாயில்லை இவருக்கு.

ஜிம்மை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே என் கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தையல் கடை, பூட்டுச் சரிசெய்கிறவர் கடை, பேருந்து நிறுத்தம், வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். உங்கள் அண்ணனின் லட்சணத்தைப் பார்த்தீர்களா, தோள் கிழிந்ததை மறைக்க உங்களைப் பலி கொடுக்கப் பார்க்கிறார் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் பேருந்து நிறுத்தத்து இரும்பு இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தோள். ரெண்டு வருஷமாத் தெரியும். அண்ணன் சொல்லல. எதிர்ல நின்னு தூக்குறவனுக்குச் சொல்லாமலே தெரியும்."

அவர் சாவகாசமாக மீதியைச் சொன்னார். ஒரு பொருளை இரண்டு பேர் பிடித்தால், எதிராளி எவ்வளவு வாங்குகிறான் என்பது உள்ளங்கையிலேயே தெரியுமாம். ஒருநாள் அண்ணன் பக்கம் லேசாகிப்போனது தெரிந்தது. அன்றிலிருந்து லாரியில் ஏற்றும்போது இவர் கீழே குனிந்து அண்ணனின் பங்கையும் சேர்த்துத் தள்ளினார். மேலே நிற்கிற அண்ணன் வெடுக்கென்று ஒரு வீசு வீசுவார், தான்தான் ஏற்றியதாக நினைத்துக்கொள்வார். அந்த வாஷிங் மெஷினும் அப்படி ஏற்றியதுதான்.

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாத. தெரிஞ்சா அதுக்கப்புறம் வண்டி ஏறமாட்டார்."

திங்கட்கிழமை தான் போயே தீர வேண்டும் என்றார். இப்போது எதிர்ப்பக்கம் தூக்குகிற கூலியாள், பெரியவருக்குக் கை சரியில்லை என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டானாம். முதலாளி காதுக்குப் போனால் அண்ணனை இறக்கிவிடுவார், வண்டியை விட்டு இறக்கினால் அண்ணன் உயிரோடு இருக்க மாட்டார் என்றார். ஜிம்மில் நான் பார்க்காதபோது தட்டு ஏற்றியதும் என் கணவரின் சம்மதத்தோடுதான். சீக்கிரம் தேற வேண்டும் என்று அவருக்கும் அவசரம்.

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. ஒருத்தர் தோளைக் கொடுத்திருக்கிறார், இன்னொருத்தர் முதுகைக் கொடுத்திருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை கொடுக்க இரண்டு பேருக்கும் மனது வரவில்லை. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டி முடித்ததும், திங்கட்கிழமை போகிறேன் என்று மறுபடியும் சொன்னார். இவரிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது.

மறுநாள் காலையில் லாரி முதலாளியின் கொட்டகைக்குப் போனேன். பழைய கார்ப்பெட்டுகளும் மரப்பெட்டிகளும் அடைந்த இடம். முதலாளி கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் வரும் என்றேன். தெரியும், தம்பிதானே என்றார். இல்லை, நான்தான் என்றேன். டீ அவருக்குப் புரையேறியது.

லாரியின் ஸ்டெப்னி டயர் கீழே கிடந்தது. நான் காலை அகட்டி நின்று, முதுகு வளையாமல் உட்கார்ந்து, டயரை உடம்போடு அணைத்து எழுந்து, ஓசைப்படாமல் லாரித் தட்டில் வைத்தேன். திரும்பவும் இறக்கி அதே இடத்தில் வைத்தேன். முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம் மனிதரோடு மனிதராகப் பேசினோம். மூத்தவருக்குத் தோள் ஆபரேஷன் ஆக வேண்டும், ஆறு மாதம் ஆகும். அதுவரை ஜிம்மில் வேலை இல்லாத பகல் நேரத்தில் நானும் கூலியாளும் வண்டியைப் பார்த்துக்கொள்வோம். இரண்டு சகோதரர்களும் திரும்பி வரும்போது அவர்கள் இடம் அவர்களுக்கு இருக்க வேண்டும். முதலாளி மோவாயைச் சொறிந்தார். அந்த மாதம் ஆளுக்குப் பஞ்சம், அதனால் ஒத்துக்கொண்டார். என் மேல் இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லை.

மூத்தவரிடம் நானே சொல்லிக்கொள்வதாக முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசினால் நானும் இன்றைக்கே முதுகை ஒடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து படுப்பேன் என்றேன். படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை லாரியில் என்னைப் பார்த்ததும் வெடுக்கு, "இது என்ன கூத்து?" என்று கேட்டார். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். அவன் எங்கே என்றார். வரமாட்டார் என்றேன். இறங்கு என்றார். முதலாளியே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பாமலே, ஏறினவங்களை இறக்கிவிடற வழக்கமில்லை என்று சொல்லிக் கியரைப் போட்டார். வழியெல்லாம் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு போனோம்.

மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்து சாமான்களைக் கீழே இறக்க வேண்டும். லிஃப்ட் கிடையாது, குறுகலான படிக்கட்டு. கூலியாளும் முதலாளியும் மேசை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்.

அவர் கீழ்ப்படியில், நான் மேற்படியில். முதல் தூக்கிலேயே தகராறு. லாரி வேலையில் கீழ்ப்பக்கம் நிற்கிறவர்தான் 'தூக்கு' என்று குரல் கொடுப்பார். ஜிம்மில் குரல் கொடுப்பது பயிற்சியாளர். நாங்கள் இரண்டு பேரும் குரல் கொடுத்தோம். அவர் குரலுக்கு அவர் வெடுக்கென்று இழுத்தார், என் குரலுக்கு நான் மெதுவாக எழுந்தேன். ஃப்ரிட்ஜ் சாய்ந்து அவர் பக்கம் போய், வலது கையைச் சுவரோடு வைத்து அழுத்தியது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் என் பக்கத்தை இறக்கி, ஃப்ரிட்ஜை நிமிர்த்தினேன். யார் குரல் கொடுப்பது என்று கேட்டேன். கீழே நிற்கிறவன்தான், அதுதான் முறை என்றார்.

"அப்ப நான் கீழ வரேன்" என்றேன்.

கீழேதான் கனம் அதிகம். பொம்பளை கீழே நிற்பதா என்று குதித்தார். நான் அதற்குள் அவரைத் தாண்டிக் கீழ்ப்படியில் இறங்கிவிட்டேன். மேலே போய் நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நான் குரல் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் கிளம்பியது. ஒரு படி, நிறுத்தம், மறுபடி ஒரு படி. நடுவில் ஃப்ரிட்ஜ் இருப்பதால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவர் கையை விட்டால் நான் நசுங்கிப் போவேன், ஆகவே எங்கேயும் எழுந்து போக முடியாது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று, அவர் தோள் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கியதையும், முதலாளியிடம் பேசியதையும், ஆறு மாதம் நான் வண்டிக்கு வரப்போவதையும் சொன்னேன்.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று ஆரம்பித்தார். அரைமாடி இறங்குகிறவரை வசவுதான். நான் வந்த நாளிலிருந்து இந்த வீடு விளங்கவில்லை என்றார். அண்ணனையும் தம்பியையும் பிரிக்கவே வந்தவள் என்றார். ஊர் சிரிக்க என்னைச் சுவரில் நிற்க வைத்தாயே, இப்போது சோற்றிலும் மண் போடுகிறாயா என்றார். நான் படியைப் பார்த்துக் காலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"முதலாளிகிட்ட சொன்னது போகட்டும். கை நின்னதைப் பாத்தானே தவிர, தோள் போனது தம்பிக்குத் தெரியாது. அவன்கிட்ட சொன்ன, அப்புறம் நடக்கறதே வேற" என்றார்.

என் கணவர் சொல்லாதே என்று சொல்லியிருந்தார். நான் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அவருக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."

இரண்டு படி இறங்கினோம். மூன்றாவது படியில் கேட்டார்.

"அப்ப அந்த வாஷிங் மெஷின்?"

"அதுலயும் உங்க பங்கு அவர்தான் தூக்கினார்."

திருப்பத்துக்கு இன்னும் சில படிகள் இருந்தன. அப்போது என் உள்ளங்கையில் ஃப்ரிட்ஜ் லேசானது. முதலில், அது எங்கோ இடித்து நிற்கிறது என்று நினைத்தேன். இடிக்கவில்லை. அவர் மேலே இருந்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்டு இல்லை, வீச்சு இல்லை, ஒரு சீராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் வாங்கிக்கொண்டே போனார். அந்தக் கிழிந்த தோளோடு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பக்கம் பாதிக் கனம்கூட இல்லை.

"அத்தான், விடுங்க" என்றேன்.

விடவில்லை.

"என் பங்கை எங்கிட்ட விடுங்க. இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் அடுத்தவங்க பங்கைத் தூக்கினது போதும். விடுங்க அத்தான்!"

என் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்தான். பிறகு கனம் மெல்ல என் கைக்குத் திரும்பி வந்தது. நான் குரல் கொடுத்தேன். இறங்கினோம்.

கீழே லாரியில் ஏற்றும்போது கூலியாளைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் நிற்க வைத்தேன். வெடுக்கு மறுத்துப் பேசவில்லை. லாரியின் மறுபக்கம் போய்ச் சக்கரத்தில் சாய்ந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தோள் இரண்டும் குலுங்கின. வலது தோள் கொஞ்சம் குறைவாகக் குலுங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அப்போதும் குறைந்துவிடவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, அவருடைய இடது கையில் கொடுத்தேன்.